பழைய காருக்கு டிஸ்க் பிரேக் மாத்துறீங்களா? முதல் செலவு மாஸ்டர் சிலிண்டருக்கு இருக்கட்டும்!

தாத்தா ஓட்டிய அம்பாசடர், அப்பா கல்யாணத்துக்கு வந்த ஃபியட், ஷெட்டில் பல வருடமாகத் தூங்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இப்படி ஒரு காரைத் தூசு தட்டி மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டுவருபவர்களின் பட்டியலில், பெயின்ட், சீட், டயர் எல்லாம் முடிந்ததும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் போட்டுடலாமா?"

கேள்வியில் தப்பே இல்லை. அந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தின் டிராஃபிக் வேறு, இன்றைய பைபாஸ் வேறு. முன்னால் போகும் புதுக் கார் ஏபிஎஸ்ஸோடு சட்டென நிற்கும்போது, பின்னால் வரும் 1965 மாடலும் நின்றாக வேண்டும்.

சிக்கல், பணம் எங்கே போகிறது என்பதில்தான். டிஸ்க், காலிப்பர், பேட் என்று வீலுக்குள் பளபளவென்று தெரியும் சாமான்களுக்குச் செலவு செய்கிறார்கள். பானெட்டுக்குள் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் "நல்லாத்தானே இருக்கு, அப்படியே விடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் கடையில் கிடைத்ததில் பெரிய சைஸாகப் பார்த்து ஒன்றை மாட்டுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. டிஸ்க் மாற்றும் வேலையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாஸ்டர் சிலிண்டர்தான். அதற்குப் பணம் இல்லையென்றால், டிஸ்க்கைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

ஏன் என்று பார்க்கலாம்.

டிரம்முக்குக் கிடைக்கும் இலவச உதவி

டிரம் பிரேக்கில் ஒரு விஷயம் நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது. ஷூ போய் டிரம்மில் உரசியதும், சுற்றும் டிரம் அந்த ஷூவையும் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில் முன்பக்க ஷூ இன்னும் இறுக்கமாக டிரம்மில் போய் அமுங்குகிறது. அதாவது, கால் கொடுத்த பலத்துக்கு மேல் கொஞ்சம் பலத்தை டிரம் தானே சேர்த்துக்கொள்கிறது. பூஸ்டர் இல்லாமலேயே பழைய கார்கள் ஓரளவு நின்றதற்கு இதுவே காரணம்.

டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேட் இரண்டு பக்கமும் நேராகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தம் வருகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. அதனால்தான் டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக ஆயில் அழுத்தம் தேவைப்படுகிறது.

பிறகு ஏன் உலகமே டிஸ்க்குக்கு மாறியது? சூடு. மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் சூடாகி விரிகிறது, லைனிங்கின் பிடிப்பு குறைகிறது, பெடல் கீழே கீழே போகிறது. டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறிவிடும். 1953 லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோது, பந்தய உலகம் இதைப் பார்த்துப் புரிந்துகொண்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் பிரேக் காரை இறக்கியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

ஆக, டிஸ்க் நல்லதுதான். ஆனால் அது கேட்கும் அழுத்தத்தை யார் கொடுப்பது?

ஊசி மருந்து சிரிஞ்சும் கால் பெடலும்

மாஸ்டர் சிலிண்டர் என்பது ஒரு பெரிய சிரிஞ்ச். பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர்ந்து, பிரேக் ஆயிலைப் பைப் வழியாகத் தள்ளுகிறது. அந்தச் சிரிஞ்சின் உள்விட்டம்தான் ஒர்க்‌ஷாப் மொழியில் 'போர் சைஸ்'. தேர்வு செய்ய வேண்டிய முதல் எண் அதுவே.

ஒல்லியான சிரிஞ்சை அழுத்திப் பாருங்கள். மருந்து வேகமாகப் பீய்ச்சி அடிக்கும், ஆனால் அளவு குறைவு. குண்டான சிரிஞ்சில் அளவு அதிகம், ஆனால் அதே வேகத்தில் பீய்ச்ச விரலுக்கு அதிக பலம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் அப்படியே. சின்ன போர் அழுத்தத்தைக் கூட்டும், ஆயில் அளவைக் குறைக்கும். பெரிய போர் ஆயிலைக் கூட்டும், அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். காலால் 30 கிலோ பலத்தில் மிதிக்கிறார் என்று வைப்போம். பெடல் ஒரு நெம்புகோல். அதன் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை 30 செ.மீ., அச்சிலிருந்து புஷ் ராடு வரை 6 செ.மீ. என்றால், பலம் 5 மடங்காகி 150 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும். இனி போர் சைஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள்:

• 3/4 இஞ்ச் (19 மி.மீ.): பிஸ்டன் பரப்பு 2.85 சதுர செ.மீ. அழுத்தம், சதுர செ.மீ.க்குச் சுமார் 53 கிலோ.

• 7/8 இஞ்ச் (22.2 மி.மீ.): பரப்பு 3.88 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 39 கிலோ.

• 1 இஞ்ச் (25.4 மி.மீ.): பரப்பு 5.07 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 30 கிலோ.

வெறும் கால் இஞ்ச் வித்தியாசம். அழுத்தம் 44 சதவீதம் காலி! காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் இருந்தால், 3/4 இஞ்ச் மாஸ்டர் அதை 1,200 கிலோ பலத்தில் தள்ளும். 1 இஞ்ச் மாஸ்டர் 680 கிலோவுக்குக் கீழேயே நின்றுவிடும். அதே கால், அதே மிதி.

'கல்லு மாதிரி பெடல்' என்ற மாயை

டிஸ்க் மாற்றிய பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

"அண்ணே, பெடல் கல்லு மாதிரி இருக்கே?"

"அதான் சார் டிஸ்க் பிரேக். ஏர் இல்லாம சுத்தமா எடுத்திருக்கோம். நல்லா டைட்டா நிக்கும் பாருங்க."

காற்று இல்லாத பிரேக்கில் பெடல் இறுக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெடல் இறுக்கமாக இருந்தாலே பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. போர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தாலும் பெடல் கல்லாகத்தான் இருக்கும். காலடியில் உறுதியாக உணரும் அந்த நேரத்தில், வீலில் அழுத்தம் போதாமல் வண்டி உருண்டுகொண்டே இருக்கும். பழைய டிரம்மே பரவாயில்லை என்று தோன்றும். பழி டிஸ்க் மேல் விழும், காரணம் மாஸ்டர் சிலிண்டர்.

'பெரிசு போட்டா பவர் ஜாஸ்தி' என்பது இன்ஜினுக்குப் பொருந்தலாம். பிரேக் மாஸ்டருக்கு அப்படியே தலைகீழ்.

அப்போ சின்னதாகப் போட்டால் போதுமா?

அதுவும் இல்லை. சின்ன போரில் ஆயில் தீர்ந்துவிடும் பிரச்சினை உண்டு. காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால், அது கொஞ்சம் நகர்ந்தாலே நிறைய ஆயில் குடிக்கும். 54 மி.மீ. பிஸ்டன் அரை மி.மீ. நகர 1.15 சி.சி. ஆயில் வேண்டும். இரண்டு வீலுக்கும் சேர்த்து 2.3 சி.சி.

3/4 இஞ்ச் மாஸ்டரில், முன் வீல்களுக்கான அறைக்கு 15 மி.மீ. நகர்வு கிடைக்கிறது என்றால், அது தள்ளும் ஆயில் சுமார் 4.3 சி.சி. போதும்தானே? எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை போதும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, டிஸ்க் கொஞ்சம் கோணி இருந்தாலோ, அது பேடைத் தட்டித் தள்ளிவிடும். அரை மி.மீ. இடைவெளி 1 மி.மீ. ஆகும்போது தேவை 4.6 சி.சி.க்குப் போகிறது. கையிருப்பு 4.3. கால் தரையைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று முறை 'பம்ப்' அடித்தால் பிடிக்கும். ஆனால் குறுக்கே மாடு வரும்போது பம்ப் அடிக்க நேரம் ஏது?

ஆகவே தேர்வு இரண்டு எல்லைக்கு நடுவில் இருக்கிறது. ஆயில் போதுமான அளவுக்குப் பெரிதாக, அழுத்தம் குறையாத அளவுக்குச் சின்னதாக. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய தொடக்கம் ஒன்று உண்டு. மாட்டப்போகும் காலிப்பர் எந்தக் காரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தக் காருக்கு அதன் நிறுவனமே கொடுத்த மாஸ்டர் சிலிண்டரின் போர் சைஸ் என்ன? அந்த எண்தான் ஆரம்பப் புள்ளி. பிறகு, அந்தக் காரில் பூஸ்டர் இருந்ததா, பெடல் விகிதம் என்ன, பின் வீல் சிலிண்டர் என்ன சைஸ் என்று ஒப்பிட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பூஸ்டர் உள்ள காரின் பெரிய மாஸ்டரைத் தூக்கி, பூஸ்டரே இல்லாத பழைய ஃபியட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லிவிடும்.

டிஸ்க்குக்கு முன்னாடி டேன்டம்!

போர் சைஸைவிட முக்கியமான இன்னொரு முடிவு: சிங்கிளா, டேன்டமா?

1960-களின் அம்பாசடர், ஃபியட் 1100, ஹெரால்டு எல்லாமே சிங்கிள் சர்க்யூட். ஒரே பிஸ்டன், ஒரே டப்பா ஆயில், நான்கு வீலுக்கும் ஒரே வழி. எங்கோ ஒரு மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு வீலிலும் பிரேக் கிடையாது. மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்.

டேன்டம் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன்கள், இரண்டு தனித்தனி அறைகள். ஒன்று முன் வீலுக்கு, இன்னொன்று பின் வீலுக்கு. ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இப்படிப் பிரித்த அமைப்பு 1968 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துபோன விவாதம் இது.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. டிஸ்க் மாற்றும்போது பைப்புகளிலும் ஹோஸ்களிலும் அழுத்தம் முன்பைவிட அதிகமாகிறது. இத்தனை வருடம் குறைந்த அழுத்தத்தில் காலம் தள்ளிய பழைய ஹோஸ், துருப்பிடித்த பின் பைப், தேய்ந்த வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றுக்கும் திடீரெனப் புது சோதனை. சிங்கிள் சர்க்யூட்டை வைத்துக்கொண்டே டிஸ்க் மாட்டுவது, பழைய குழாயை மாற்றாமல் மோட்டரை மட்டும் பெரிதாக்குவது போல. எது பலவீனமோ அது முதலில் போகும். போகும்போது நான்கு வீலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அதனால், கையில் ஒரு வேலைக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், அது டேன்டம் மாஸ்டர், புது ஹோஸ், புது பைப். நான்கு டிரம்களோடு, ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த ஷூக்களோடு ஓடும் டேன்டம் கார், சிங்கிள் மாஸ்டரோடு ஓடும் டிஸ்க் காரைவிடப் பாதுகாப்பானது. வீல் வழியாகப் பார்த்தால் அழகாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரலாம்.

டேன்டம் வாங்கும்போதும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஆயில் டப்பா. பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் டிஸ்க்குக்கான அறையின் டப்பா பெரிதாக இருக்க வேண்டும். நான்கு டிரம் காருக்கான டேன்டத்தில் இரண்டு டப்பாவும் சின்னதாகவே இருக்கும். எந்த அறை முன் வீலுக்கு என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும் என்பதால், ஊகத்தில் பைப் மாட்டக் கூடாது.

இரண்டாவது, மிச்ச நகர்வு. ஒரு சர்க்யூட் போனால், செத்துப்போன அறையின் தூரம் முழுவதையும் பெடல் வீணாகக் கடந்த பிறகுதான் அடுத்தது பிடிக்கும். சாதாரண நாளிலேயே பெடல் பாதிக்குக் கீழே போகும் காரில், அந்த மிச்ச தூரம் இருக்காது. போர் சைஸ் தப்பாக இருந்தால் டேன்டம் இருந்தும் பயனில்லை என்பது இதனால்தான்.

டிரம் மாஸ்டருக்குள் ஒளிந்திருக்கும் வால்வு

பழைய டிரம் மாஸ்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது நல்லது. வீல் சிலிண்டரின் ரப்பர் ஒட்டியே இருக்கும், காற்று உள்ளே வராது.

டிஸ்க்குக்கு அதே வால்வு எமன். காலிப்பர் பிஸ்டனை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புவதால்தான் பேட் விலகுகிறது. பைப்பில் 10 பிஎஸ்ஐ நின்றுகொண்டே இருந்தால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசும். மைலேஜ் குறையும், வீல் கொதிக்கும், கடைசியில் ஆயிலும் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் பஞ்சாகிவிடும். டாட் 3 புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் 140. டாட் 4 என்றால் 230, 155. நம் ஊர் ஈரக்காற்றில் பழைய ஆயிலை மாற்றாமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மோரிஸ் மைனர் போல, மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில் தாழ்வாக இருக்கும் கார்களில், காலிப்பர் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடும். அதற்கு மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றை டிஸ்க் பைப்பில் போடுவார்கள்.

பூஸ்டர் வேண்டுமா?

சுமார் 900 கிலோ எடையுள்ள பத்மினிக்கு, சரியான போரும் பெடல் விகிதமும் இருந்தால் பூஸ்டர் இல்லாமலேயே சமாளிக்கலாம். 1,100 கிலோவைத் தாண்டும் அம்பாசடரில் குடும்பத்தோடு பயணம் என்றால் பூஸ்டர் இருப்பதே நல்லது. பூஸ்டர் வந்தால் கொஞ்சம் பெரிய போர் போடவும் இடம் கிடைக்கும்.

ஆனால் பூஸ்டருக்கு வேக்கம் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிடைக்கும். டீசல் அம்பாசடரில் அந்த வழி கிடையாது. தனி வேக்கம் பம்ப் இல்லாமல் பூஸ்டர் மாட்டினால் அது வெறும் தகர டப்பா. பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இன்ஜின் நின்றால், சேமிப்பில் இருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு, பெரிய போர் மாஸ்டரை வெறும் காலால் மிதிக்க வேண்டிவரும்.

பின் வீலை மறந்தால் வண்டி சுற்றும்

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின் வீல் லேசாகிறது. முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்றால், டிஸ்க்குக்காகக் கூட்டிய அழுத்தம் பின் டிரம்முக்கும் போகும். ஏற்கெனவே தனக்குத் தானே உதவி செய்துகொள்ளும் டிரம் அது. மழை ரோட்டில் பின் வீல் முதலில் லாக் ஆனால் வண்டி பம்பரம்.

இதை மாஸ்டர் சிலிண்டர் மட்டும் சரிசெய்யாது. பின் பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு தேவை. திருகி அட்ஜஸ்ட் செய்யும் வகை கிடைத்தால் நல்லது. டேன்டம் இருந்தால்தான் முன், பின் பைப்புகளைத் தனித்தனியாக இப்படிக் கையாள வசதி என்பது இன்னொரு லாபம்.

புதுப்பேட்டை போகும் முன்

சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கும்வரை பார்ட்ஸ் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. காலிப்பரைக்கூடப் பழையது வாங்கி, புது சீல் போட்டு ஓட்டலாம். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. உள்சுவரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துருக்குழி ஒன்று போதும், புது ரப்பரையும் சீவிவிடும். 1962-ல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற பெரிய நிறுவனங்கள் இருக்கும் ஊர் இது. பிரேக்கின் இதயத்தைப் பழைய இரும்புக் குவியலில் தேட வேண்டிய அவசியம் இல்லை.

மாட்டும்போது கேட்டு உறுதி செய்ய வேண்டியவை:

• மரை: பிரிட்டிஷ் வம்சாவளி கார்களில் பொதுவாக இஞ்ச் மரை, 3/8 யுஎன்எஃப். மாருதி போன்ற ஜப்பானிய வடிவமைப்புகளில் எம்10 மெட்ரிக் மரை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். பலமாக மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். பைப்பின் முனையைச் சரியான நட்டோடு புதிதாக டபுள் ஃபிளேர் அடிக்க வேண்டும்.

• புஷ் ராடு இடைவெளி: பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவே 1 மி.மீ.க்கு உட்பட்ட சின்ன இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டு, ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

• பிஸ்டன் குழி: பூஸ்டருக்கான மாஸ்டரில் ராடு உட்காரும் குழி ஆழம் குறைவு. பூஸ்டர் இல்லாத காரில் அதை மாட்டினால் ராடு நழுவி விழலாம்.

• காற்று எடுப்பது: மாஸ்டரை மாட்டும் முன்பே டேபிளில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட வேண்டும். பிறகு வீல்களில் எடுப்பது சுலபம்.

'ஒரிஜினலைத் தொடாதே' என்பவர்கள் சொல்வது

கிளாசிக் கார் ரசிகர்களில் ஒரு சாரார், எதையுமே மாற்றக் கூடாது என்பார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டு, பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாமல் இருந்தால்தான் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். அந்தப் பதிவு எண் வேண்டும் என்பவர்கள், பிரேக்கில் கைவைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மற்ற கார்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிட்டால், கிளெய்ம் நேரத்தில் வாக்குவாதம் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பீச் ரோட்டில் மெதுவாக ஓடும் காருக்கு, நன்றாகப் பராமரித்த டிரம்மே போதும் என்பதும் உண்மை. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பும் காருக்கு அந்த வாதம் செல்லாது. அசல் தன்மை காருக்குப் பெருமை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் அதைவிடப் பெரிது. டேன்டம் மாற்றத்தைப் பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பழைய சிங்கிள் மாஸ்டரைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தால், தேவைப்பட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

செலவு வரிசை இப்படி இருக்கட்டும்

முதலில் ஹோஸ், பைப், ஆயில். அடுத்து, டேன்டம் மாஸ்டர். மூன்றாவதாகத்தான் காலிப்பரும் டிஸ்க்கும். எந்தக் காலிப்பர் என்பதை முன்கூட்டியே காகிதத்தில் முடிவு செய்துவிட்டால், மாஸ்டரை இரண்டு முறை வாங்க வேண்டியதில்லை. கடைசியாக வால்வும், தேவைப்பட்டால் பூஸ்டரும்.

வண்டியை வாங்கிக்கொள்ளும் முன் ஒர்க்‌ஷாப்பிலேயே மூன்று சோதனைகள். ஒன்று, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது, வெளியே கசிவு தெரியவில்லை என்றால் மாஸ்டருக்குள்ளேயே. இரண்டு, மிதித்து விட்டதும், ஜாக்கியில் தூக்கிய முன் வீல் கையால் சுற்ற வேண்டும். மூன்று, வண்டி நின்ற நிலையில் முன்பக்க பிளீடர் ஒன்றைத் தளர்த்தி மிதித்துப் பார்க்க வேண்டும். பெடல் இறங்கினாலும் பின் வீல் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால், டேன்டம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. சோதனை முடிந்ததும் பிளீடரை இறுக்கி, மறுபடியும் காற்று எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோடு.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இந்தக் காலிப்பருக்கு இந்த போர் சைஸ் ஏன்ணே?" நல்ல மெக்கானிக் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார், இல்லை எந்தக் காரில் இதே செட் ஓடுகிறது என்று சொல்வார். "எல்லா வண்டிக்கும் இதான் சார் போடுறோம்" என்று பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கலாம்.